தாம்பூலக் கள்ளி

கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாய் நிறையக் கூப்பிட்டுக் கொடுக்காமல், பால்காரனிடம் கொடுத்துக் கதவிடுக்கில் சொருகச் சொன்னார்கள் என்பதற்காகத் தவசிக்கனி தன் தம்பி வீட்டோடு பேச்சை நிறுத்திய வருஷத்தில்தான் செம்மணல்விளை வடக்குத் தெருவுக்குத் தாகம் நின்றுபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெருவில் யாரும் நினைக்கவில்லை. தவசிக்கனி மட்டும் நினைத்தார். நினைத்து, பயந்து, வெளியே சொன்னால் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அவர் லாரி ஓட்டியவர். ஓசூர்ப் பக்கமிருந்து நர்சரிச் செடிகளை ஏற்றிக்கொண்டு தெற்கே வருவார். சரக்கு இறக்கி லாரியின் பின்பக்கத்தைக் கூட்டும்போது உதிர்ந்த தடித்த இலைகள் விளக்குமாற்றோடு வரும். குழந்தையின் கால்விரல் மாதிரி இருந்த அவற்றைத் தூர எறிய மனசு வராமல் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, முற்றத்தில் தேரிக்காட்டுச் செம்மணலைப் பரப்பி அதன்மேல் சும்மா வைத்தார். புதைக்கவில்லை, நனைக்கவில்லை. மறந்தே போயிருந்த ஒரு காலையில் பார்த்தால், ஒவ்வொரு இலையின் காம்பிலும் இளஞ்சிவப்பாக நூல் நூலாக வேர் விட்டு, கடுகளவு செடி ஒன்று உட்கார்ந்திருந்தது. குட்டி வளர வளரத் தாய் இலை தன்னை உறிஞ்சக் கொடுத்து, சுருங்கி, வெறும் தோலாகி, ஒருநாள் காற்றில் பறந்துபோனது. பாலைவனத்துச் செடி என்றார்கள், வாயில் நுழையாத பேரெல்லாம் சொன்னார்கள். தவசிக்கனி குட்டிக்கள்ளி என்றார். லாரியை விட்ட பிறகு அதுவே பிழைப்பாயிற்று. மணலோடு செங்கல் தூளும் அடுப்புக் கரியும் கலந்து, சின்னச் சட்டிகளில் நட்டு, பேனாவுக்கு மை ஊற்றும் பழைய இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு வளர்த்தார். வாங்க வருகிறவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வார்:

"பட்டினி போட்டா இருக்கும். பாசம் காட்டுனாத்தான் செத்துப்போவும். அரைக் கரண்டித் தண்ணி, அதுவும் மண்ணு நல்லாக் காஞ்ச பொறவு. கேட்டியளா?"

தூத்துக்குடி ஏஜெண்டு ஒருவர் ஏதோ கல்யாணத்தில் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க வேண்டுமென்று குட்டிக்கள்ளிகளை மொத்தமாகக் கேட்டார். ஏற்றும் நாளில்தான் அது தம்பி லிங்கதுரையின் மகள் செண்பகவல்லியின் கல்யாணம் என்று தெரிந்தது. லாரி கேபினில் மடியில் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிட்ட பிள்ளை. அவள் கல்யாணத்துக்குத் தன் செடி போகிறது, தான் போகவில்லை. தவசிக்கனி ஏஜெண்டிடம் தண்ணீர் அளவைச் சொல்லவில்லை. அது மறதியில்லை. நம் ஜனங்களுக்குச் சாமியைக் கண்டாலும் செடியைக் கண்டாலும் ஒரு சொம்பு ஊற்றாமல் இருக்க முடியாது, ஊற்றுவார்கள், வீட்டுக்கு வீடு செடி குழைந்து நாறும், லிங்கதுரை மகள் கல்யாணத்தில் கொடுத்தது அழுகிப்போச்சு என்று ஊர் பேசும், தம்பி பெண்டாட்டி கனகபுஷ்பம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பாள் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு தப்பியது. அந்த வருஷம் மழை ஏமாற்றியது, குழாய் காற்றை ஊதியது, தண்ணீர் லாரி வருகிற நாள் தள்ளிக்கொண்டே போனது, மனுஷருக்கே இல்லாத தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் கை வரவில்லை. ஜன்னல் விளிம்பிலும் டிவி பெட்டி மேலும் கிடந்த குட்டிக்கள்ளிகள் கொழுகொழுவென்று உருண்டன. தாம்பூலமாக வாங்கிய வீடுகளிலும், மிச்சப் பைகளைப் பங்கிட்டுக்கொண்ட கல்யாண வீட்டிலும் ஒவ்வொருவராகத் தாகம் எடுப்பதை மறந்தார்கள். வெளியூரில் விலைக்கு வாங்கிய வீடுகளில் அப்படி நடக்கவில்லை, கல்யாணத்துக்குப் போகாத தவசிக்கனி வீட்டில், முற்றம் முழுக்க அதே செடி இருந்தும், நடக்கவில்லை. ஏனென்று கேட்டால் யாருக்குத் தெரியும்.

தெரு அதை எடுத்துக்கொண்ட விதம்தான் பெரிது. முதலில் குடங்களைக் கவிழ்த்து வைத்தார்கள், பிறகு பரணில் ஏற்றினார்கள், பிறகு பிளாஸ்டிக் குடங்களைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுப் பூண்டு வாங்கினார்கள். குழாயடிச் சண்டை நின்றது, நின்றதில் சில பெண்களுக்குப் பொழுது போகவில்லை, அவர்கள் காலியான குழாயடியில் போய் நின்று பழைய சண்டைகளை ஞாபகப்படுத்திச் சிரித்தார்கள். தாகமில்லாத தெரு என்று வெளியூரில் பேர் பரவி, அங்கே பெண் எடுத்தால் தண்ணீர்ச் செலவு மிச்சம் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இங்கே இனி லாரி வேண்டாம் என்று பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து, அதையும் ஒரு பெருமையாகப் போர்டு எழுதி மாட்டினார்கள். டீக்கடை சொரிமுத்து டீ பாய்லரை விற்றுவிட்டு வடை மட்டும் போட்டான். தெருவில் தண்ணீர் குடிக்கிற ஒரே மனுஷன் தவசிக்கனி, பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி வருவதைப் பார்த்து அவன் கூப்பிடுவான்:

"என்ன வே தவசியண்ணாச்சி, இன்னுமா அந்தப் பழக்கத்த விடல? பீடிய விட்டீரு, சீட்ட விட்டீரு, இந்தத் தண்ணிய விட முடியலியாக்கும்!"

கடை சிரிக்கும். தவசிக்கனி சைக்கிளை நிறுத்தாமல் போவார். சிரிக்கிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. எல்லார் தோலிலும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொடி படிந்திருந்தது. குட்டிக்கள்ளியின் இலைமேல் படிகிற அதே பொடி, ஒருமுறை தொட்டுவிட்டால் தொட்ட இடம் அழியும், திரும்பப் படியாது. அதனால் தாய்மார் பிள்ளைகளைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள், முதலில் முத்தம் வாங்கிய குழந்தைகளின் கன்னத்தில் உதட்டின் தடம் அழியாமல் நின்றது. காலையில் தெருவே கிழக்குப் பார்த்து, வேலையில்லாமல், பேச்சில்லாமல், லேசாகச் சாய்ந்து நின்றது, மாலையில் மேற்கே சாய்ந்தது. மேலவீட்டுப் பெரியவர் செத்தபோது ஒப்பாரி உண்டு, மார்படி உண்டு, கண்ணீர் மட்டும் ஒருத்தரிடமும் இல்லை. அழத் தெரிந்தது தவசிக்கனிக்கு மட்டும், செத்தவர் மேல் அவருக்கு ஒரு வரப்புத் தகராறு வேறு பாக்கி இருந்தது.

ஆவணியில் சொரிமுத்து சம்பந்தி வீட்டுக்குப் போன இடத்தில், குடிக்க முடியுமா முடியாதா என்ற பந்தயத்தில் ஒரு கோலிசோடாவை முழுக்கக் குடித்தான். ஊர் திரும்பி வடை மடித்துக் கொடுக்கும்போது அவன் சுண்டுவிரல் பேப்பரோடு சேர்ந்து கழன்று போனது. ரத்தமில்லை, வலியில்லை. வாங்கியவர் விரலைத் திருப்பிக் கொடுத்தார்.

"சக்கர வியாதியா இருக்கும்" என்றான் சொரிமுத்து. "எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு."

எல்லாரும் சக்கரை என்றார்கள், வெந்தயம் சாப்பிடச் சொன்னார்கள், வடை தீர்ந்தது. தவசிக்கனி மட்டும் குனிந்து அந்த விரலின் அடியைப் பார்த்தார். வெந்த ஜவ்வரிசி மாதிரிக் கண்ணாடியாகத் தெரிந்தது. நெடுநாள் காய்ந்த செடிக்கு ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றினால் அடியிலை இப்படித்தான் ஆகும், முதல் இலை, அதற்கடுத்து ஒவ்வொன்றாக, கடைசியில் நடுத்தண்டு. வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை. ஐப்பசி வரும். மழை வரும். தெரு முழுவதும் கூரை ஒழுகும், குழந்தைகள் வாசலில் ஓடும்.

அதைவிடப் பெரிய பயம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. செண்பகவல்லி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள், புருஷன் கப்பலில். இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். துணி உலர்த்த அவள் கை தூக்கும்போதெல்லாம் தவசிக்கனி பார்த்தார். வயிறு மினுமினுவென்று உருண்டு வந்தது, கைகள் நாளுக்கு நாள் சுருங்கின, விரல்நுனிகள் உள்வாங்கின, கழுத்தில் மடிப்பு மடிப்பாக வரி விழுந்தது. இலை எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் கொடுக்காவிட்டால் அவள் தோலாகிவிடுவாள், கொடுத்தால் அழுகிவிடுவாள். இரண்டுக்கும் நடுவில் ஃபில்லர் நுனியளவு ஒரு வழி உண்டு, அதுவும் செடிக்குத்தான் அவர் செய்து பார்த்தது, அதிலும் பாதிச் செடி பிழைக்கவில்லை. ஒருநாள் அவள் மதிலுக்கு மேலாக அவரையே பார்த்தாள். "பெரியப்பா" என்று வாயெடுத்தாள். தவசிக்கனி தலையைக் குனிந்து சட்டிகளை நகர்த்தினார். நேரில் வந்து கூப்பிடாத வீட்டின் பேச்சுக்குப் பதில் சொல்வதா என்ற ஒரே எண்ணம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் போன பிறகு தன் நாக்கை நினைத்தே அவருக்குப் பயமாக இருந்தது.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவி சொன்ன காலையில், லிங்கதுரையும் கனகபுஷ்பமும் தட்டோடு வாசலில் நின்றார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ.

"மகளுக்கு வளைகாப்பு வச்சிருக்கு அத்தான்" என்றாள் கனகபுஷ்பம். "போன தடவ நடந்தது நடந்துபோச்சு. அதுக்காவத்தான் இந்தா, நானே வந்து நிக்கேன்."

லிங்கதுரை மண்ணைப் பார்த்துக்கொண்டு, "நீ இல்லாம எப்படிண்ணே" என்றான்.

இதற்காக எத்தனை நாள் காத்திருந்தார்! தட்டைத் தொட்டதும் நெஞ்சுக்குள் தேன் இறங்கியது. அது இறங்கி முடிவதற்குள் கனகபுஷ்பம் சொன்னாள்:

"முதுவுல தண்ணி விடுத சடங்குல மொத சொம்பு உங்க கையாலதான். தாமிரபரணித் தண்ணி கேன்ல சொல்லியிருக்கு. ஊரு தண்ணிய மறந்தாலும் சடங்க மறக்க முடியுமா?"

தேன் உறைந்துபோனது. அந்தத் தெருவின் வழக்கம் அது: சூல் கொண்டவளைக் குனிய வைத்து, குடும்பத்தில் மூத்தவர் முதல் சொம்பும் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு சொம்பும் முதுகில் விட வேண்டும், தண்ணீர் எவ்வளவு தாராளமோ பிரசவம் அவ்வளவு சுகம்.

"தண்ணி மட்டும் வேண்டாம் தாயி" என்றார்.

"என்னது?"

"அந்தப் பிள்ளைக்குத் தண்ணி ஆவாது. சொரிமுத்து விரல பாத்தியா..."

கனகபுஷ்பம் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டியளா? தட்டு வச்சாலும் வர்மம் போவல. சுகப் பிரசவம் ஆயிரக் கூடாதாம்!"

"அண்ணே, வந்து சும்மா நில்லு. போதும்" என்றான் லிங்கதுரை. அவன் குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. அதுதான் தவசிக்கனியைச் சுட்டது.

வளைகாப்பன்று வானம் ஈயம் பூசிய மாதிரி இறங்கிக் கிடந்தது. தெரு முழுக்க அந்த வீட்டுக்குள் இருந்தது. செண்பகவல்லியை மணையில் உட்கார வைத்து வளையல் அடுக்கினார்கள், அவள் கையில் வளையல்கள் நிற்காமல் முழங்கைவரை ஓடின. சந்தனம் தொட்டு வைத்த கன்னத்தில் பொடி அழிந்து பச்சை தெரிந்தது. பித்தளை அண்டாவில் ஆற்றுத் தண்ணீர் தளும்பியது, அத்தனை நாளைக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்த ஜனங்கள் அதன் பக்கமாகவே லேசாகச் சாய்ந்து நின்றார்கள்.

"மூத்தவுக வாங்க" என்றார்கள். சொம்பைக் கையில் கொடுத்தார்கள்.

தவசிக்கனி சொம்பைக் கீழே வைத்தார். அண்டாவின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார். அறுபது வயது தாண்டிய ஆள், நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, பித்தளையைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு கத்தினார்கள்.

"எந்திரும் வே! விசேஷ வீட்டுல என்ன கூத்து இது?"

"மாட்டேன். சொட்டுச் சொட்டாத்தான் விடணும். சொம்புல விட்டா அந்தப் பிள்ள நம்ம கையில தங்காது. மழ வேற வருது. ஒருத்தரும் வாசல்ல எறங்காதிய, கும்பிட்டுக் கேக்கேன்."

"பத்திரிகைக்குப் பழி வாங்குதான்" என்றது ஒரு குரல். "தூக்கி வெளிய போடுங்கல" என்றது இன்னொன்று. நான்கு பேர் தோளைப் பிடித்தார்கள். பிடித்த கைகள் குளிர்ந்து, வழுவழுவென்று, உள்ளே சாறு நிறைந்து இருந்தன. தவசிக்கனிக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது கூட்டத்தில் சொரிமுத்து வலது கையைத் தூக்கினான். சுண்டுவிரலோடு நிற்கவில்லை, அடுத்த விரலும் போயிருந்தது, அதற்கடுத்தது கண்ணாடியாக மினுங்கியது. இத்தனை நாளும் துண்டைச் சுற்றி மறைத்திருந்தான்.

"சக்கர இல்ல" என்றான். "அன்னைக்குக் குடிச்ச சோடாதான் இன்னும் உள்ள நடக்கு. அவர விடுங்க."

தோளைப் பிடித்த கைகள் தளர்ந்தன. அடுத்துப் பேசியது செண்பகவல்லி. "பெரியப்பா, வயித்துல இருக்கது என்னையக் குடிக்கு" என்றாள், வெகு சாதாரணமாக. "எனக்குத் தெரியும். யாருட்ட சொல்லன்னு தெரியல. அன்னைக்கு மதிலுக்கு மேல உங்ககிட்டதான் சொல்ல வந்தேன்."

தவசிக்கனி சட்டைப் பையிலிருந்து ஃபில்லரை எடுத்தார். அண்டாவில் நுனியை மட்டும் நனைத்து உறிஞ்சி, அவள் பின்கழுத்தில், வரிகள் கூடும் இடத்தில், ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டு நின்றது. பொடிமேல் பாதரசம் மாதிரி நின்றது. அவர் மூச்சு விடவில்லை. தோல் கண்ணாடியாகிவிட்டால் இந்தக் கையைத் தானே வெட்டிக்கொள்வது என்று நினைத்தார். பிறகு அது மெள்ள உள்ளே இறங்கியது, இறங்கிய இடம் கறுக்கவில்லை, குழையவில்லை, ஒரு வரி மட்டும் நிமிர்ந்தது.

"அடுத்த ஆளு" என்றார்.

சடங்கு அப்படி நடந்தது. ஆளுக்கொரு சொட்டு. முணுமுணுத்தவர்களும் விட்டார்கள், விட்டவர்கள் அவர் சொன்னபடி அடுத்தவர் விடுவதற்கு முன் காத்திருந்து தோலைப் பார்த்தார்கள். கடைசியில் கனகபுஷ்பம் வந்தாள். ஃபில்லரைச் சற்றுக் கூட அழுத்தியதில் இரண்டு சொட்டு விழப் பார்த்தது, தவசிக்கனி தன் விரலை நீட்டி இரண்டாவதை ஏந்திக்கொண்டார். அந்தச் சொட்டு உள்ளே போனதும் செண்பகவல்லி உடம்பு சிலிர்த்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை மாதமாக அந்தத் தெருவில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"தாகமா இருக்கு."

கனகபுஷ்பம் மகளைக் கட்டிக்கொண்டாள். பொடி அழியுமே என்று யாரும் தடுக்கவில்லை.

"சொம்பு வேணும் பெரியப்பா, ஒரு சொம்பு குடுங்க" என்று அவள் கெஞ்சினாள். "நாளைக்கு அரைக் கரண்டி" என்றார் அவர். "இன்னைக்கு இவ்வளவுதான் மக்கா. பைய, பையத்தான்."

அந்த நேரத்தில் ஓட்டின்மேல் மழை விழுந்தது. கூட்டம் முழுவதும் வாசலைப் பார்த்து ஒரே பக்கமாகச் சாய்ந்தது, அத்தனை உடம்பும் மழையைக் கேட்டது. கால்கள் தானாக நகர்ந்தன. சொரிமுத்து வாசலில் குறுக்கே நின்று மிச்சமிருந்த விரல்களை விரித்துக் காட்டினான். நகர்ந்தவர்கள் நின்றார்கள், நின்று, வேறு வழியில்லாமல் திரும்பி, தவசிக்கனிக்கு முன்னால் வாயைத் திறந்து அண்ணாந்து வரிசையாக நின்றார்கள். அவர் ஒவ்வொரு வாயிலும் ஒரு சொட்டு விட்டார். பாதி வரிசையில் பழைய குழாயடிக் குரல் கேட்டது: "ஏட்டி, நான்தான் உனக்கு முந்தி நின்னேன்!" "நீ நின்ன லெட்சணம் தெரியாதா?" யாரோ சிரித்தார்கள். கன்னத்தில் முத்தத் தடம் பதிந்த ஒரு குழந்தை தாகத்தில் அழுதது, அந்த அழுகையில் ஈரம் இருந்தது.

கடைசியில் கனகபுஷ்பம் மஞ்சள் பையோடு வந்து நின்றாள். வளைகாப்புத் தாம்பூலம். "வாங்கிக்கோங்க அத்தான். கல்யாணத்துக்குத்தான் வாங்கல."

பைக்குள் தேங்காய், வெற்றிலை, ஒரு கண்ணாடி வளையல், அதற்கடியில் சின்னச் சட்டியில் ஒரு குட்டிக்கள்ளி. கல்யாணச் செடியின் இலையை உதிர்த்து அவளே வளர்த்தது. செலவு மிச்சம் என்று அவளுக்குப் பெருமை. தவசிக்கனி பையைப் பார்த்தார். அதைத் தாம்பூலமாக வாங்கினால் என்ன ஆகுமென்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாங்கவில்லையென்றால் அவள் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும், மறுபடி மதில், மறுபடி பேச்சில்லை, நாளைக்கு அரைக் கரண்டியை யார் ஊற்றுவது? செண்பகவல்லி மணையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

காலையிலிருந்து பயத்தில் காய்ந்து, ஒட்டி, எரிந்துகொண்டிருந்த தொண்டை சட்டென்று அமைதியாயிற்று. லிங்கதுரை ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து, "குடிண்ணே, எவ்வளவு நேரமா கத்துத" என்றான். டம்ளரில் தண்ணீர் ஆடியது. அதில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

"பைய குடிக்கேன்" என்று சொல்லிக் கீழே வைத்தார். புறங்கையில் பொடி பூத்திருக்கிறதா என்று பார்க்கப் பயந்து, கையை வேட்டியில் மறைத்தார்.

செண்பகவல்லி எழுந்து வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த ஃபில்லரை உருவி, டம்ளரில் நுனியை நனைத்தாள்.

"ஆ காட்டுங்க பெரியப்பா."

தவசிக்கனி கண்ணை மூடி அண்ணாந்து வாயைத் திறந்தார். வெளியே மழை தெருவையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. சொட்டு விழுந்ததா, இனிமேல்தான் விழப்போகிறதா என்று தெரியாமல், நாக்கை நீட்டிக்கொண்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.